மூடிய ஓட்டுக்குள் மூச்சு

12 பிப்ரவரி 2024
புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரை எங்கள் ஏரியில் விடலாமாம். ஆக்சிஜன் குறைந்தாலும் ஏரியிலுள்ள மட்டிச் சிப்பிகளுக்கு ஒன்றும் நேராது என்று மகேந்திரன் அறிக்கை எழுதியிருக்கிறார். விலங்கியல் துறையில் என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். இப்போது அந்தக் கட்டுமான நிறுவனத்தின் ஆலோசகர். ஏரிக் குழுவின் ஐவரும் கையெழுத்திட்டால்தான் அனுமதி. நால்வர் இட்டாயிற்று, மிச்சம் நான். மகேந்திரன் தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்:

"சும்னே எதுக்கு மேடம் தகராறு? போட்டுடுங்க."

"படிக்காம நான் பால் அட்டையில கூடப் போட்டதில்ல, மகேந்திரன்."

13 பிப்ரவரி
படித்தேன். மட்டியை எடுத்த கையோடு பாட்டிலில் அடைத்து, பத்தே நிமிடம் அளந்திருக்கிறார். தொட்டாலே ஓட்டை இறுக மூடிக்கொள்ளும் பிராணி அது, மூடியபின் மூச்சேது? பாட்டிலில் ஆக்சிஜன் குறையவில்லை—ஆகவே மட்டிக்கு அது தேவையில்லை! மூக்கைப் பொத்திக்கொண்டவனுக்குக் காற்றே வேண்டாம் என்று எழுதியதற்கு ஒப்பு. அளந்தவையும் உள்ளங்கை அகலப் பெரியவை. குஞ்சு ஒன்றுகூட இல்லை. இதற்கா முனைவர் பட்டம்?

16 பிப்ரவரி
வீட்டு வேலைக்கு வரும் சித்தம்மா ஏரியில் பொறுக்கித் தந்தாள்: பெரியவை பத்து, குஞ்சுகள் பத்து. சமையல் மேடையெங்கும் பாட்டில்கள்.

"அம்மா, சாரு வெக்க ஜாகாவே இல்லே. இன்னிக்கு இதுதான் ஊட்டாவா?" ரசம் வைக்க இடமில்லையாம், மட்டிதான் சாப்பாடா என்று கேட்கிறாள்.

ஓடுகள் திறக்கும்வரை பொறுத்து அளந்தேன். கிராமுக்குக் கிராம் பார்த்தால், குஞ்சுகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. இனித் தொட்டியில் ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

20 பிப்ரவரி
பெரியவை மூடிக்கொண்டு சமாளித்துவிட்டன. குஞ்சுகளில் ஏழு வாய் பிளந்து கிடக்கின்றன, தொட்டாலும் மூடவில்லை.

21 பிப்ரவரி
குழுக் கூட்டம். மகேந்திரனும் கோப்போடு வந்திருந்தார்.

"கிச்சன்ல பண்ணினதெல்லாம் எக்ஸ்பெரிமென்டா, மேடம்?" என்றார். குழுவின் மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

"பாட்டிலுக்கு அது கிச்சன்னு தெரியாது. நீங்க அளந்தப்போ ஓடு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அத மட்டும் சொல்லுங்க."

கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். சிரித்தவர்களில் ஒருவராவது இப்போது சிரிக்கக் கூடாதா? தலைவர் பசவராஜ் மட்டும், "ஹேளி சார், சொல்லுங்க" என்றார். மகேந்திரன் கோப்பை மூடி வைத்தார்.

நான் கையெழுத்திடவில்லை.

22 பிப்ரவரி
தொலைபேசி நான்கு முறை. எடுக்கவில்லை.

11 மார்ச்
குழுவிடமிருந்து இரண்டு கடிதங்கள். கழிவுநீர் ஏரிக்கு வராது. குடியிருப்புக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டுமாம். மற்றதில், வயதை முன்னிட்டு என்னைக் குழுவிலிருந்து விடுவித்திருக்கிறார்கள்.

மாலையில் ஏரிக்குப் போனேன். காவலாளி கருப்புசாமி கேட்டில் நின்று நெளிந்தார்.

"மெம்பரா இல்லாதவங்கள உள்ள விட வேண்டாம்னு ஆர்டருங்க, மேடம்."

"அப்போ அந்தப் பக்கம் திரும்பி நில்லுப்பா."

நின்றார்.