மருந்தில் சாகாத நாற்பத்தேழு

அனுப்புநர்:
செ. ஜெயசீலி,
பி.எஸ்ஸி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு,
7/2, கிணற்றடி குறுக்குத் தெரு,
வானகரம் வழி.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: கொசு ஒழிப்பு முகாமில் கொண்டுசெல்லப்பட்ட என் பூச்சிப் பெட்டியை 18-03-1991 செய்முறைத் தேர்வுக்கு முன் திருப்பித் தர வேண்டி, இரண்டாம் முறையாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விலங்கியல் மாணவர்கள் தாங்களே பிடித்துப் பதப்படுத்திய கணுக்காலிகளைப் பெட்டியில் வைத்துத் தேர்வன்று ஒப்படைக்க வேண்டும். அதற்கு இருபது மதிப்பெண். அது போனால் எனக்குத் தேர்ச்சியே இல்லை. மூன்று வருடம் ஏரிக்கரையிலும் சாக்கடையோரத்திலும் அலைந்து நாற்பத்தேழு சேர்த்தேன். தட்டான், கும்பிடுபூச்சி, குளவி, கொடுக்காப்புளி மரத்துப் பொன்வண்டு, தேள், பூரான், மரவட்டை, மழைக்கு எங்கள் குளியலறைக்கே வந்த சிறு நண்டு எல்லாம் இதில் அடக்கம்.

2. கடந்த 20-02-1991 அன்று பெட்டியை மதில்மேல் வெயிலில் காயவைத்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றிருந்தேன். புகை அடிக்க வந்த தங்கள் சுகாதார ஆய்வாளர் திரு. கோதண்டம் அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். என் தாயார் லூர்தம்மாள் இவ்விஷயத்தில் எனக்குச் சத்துரு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். "ஊடு பூரா செத்த பூச்சி. எத்துக்கினு போ நைனா, உனக்குப் புண்ணியமா போவும்" என்று கொடுத்தனுப்பிவிட்டார்.

3. இன்று அப்பெட்டி தங்கள் அலுவலக வாசல் மேசையில், "கொசு ஒழிப்பு முகாமில் மடிந்த பூச்சிகள்" என்ற அட்டையுடன் வீற்றிருக்கிறது. மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்துத் திரு. கோதண்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். ஐயா, அதில் கொசு ஒன்றுகூட இல்லை! மருந்தில் செத்த பூச்சி தானே சிறகை விரித்து, முதுகில் குண்டூசி குத்திக்கொண்டு, லத்தீனில் பெயரும் எழுதி வைத்துவிட்டா சாகும்? மேலும் தேள், பூரான், மரவட்டை, நண்டு ஆகியவை பூச்சிகளே அல்ல. இந்த ஆத்திரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

4. நேரில் கேட்டதற்குத் திரு. கோதண்டம், "இன்னாம்மா, செத்த பூச்சிக்குப் போய் சொந்தம் கொண்டாடிக்கினு? அடுத்த மாசக் கடைசில பெரிய ஆபீசரு வர்றாரு. அவரு பாத்தப்புறம் எத்துக்கோ" என்றார். அதற்குள் எனக்குத் தேர்வு முடிந்திருக்கும். வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

5. இது குறித்து 25-02-1991 அன்று முதல் மனு கொடுத்தேன். பதில் இல்லாததால் 08-03-1991 அன்று வந்து விசாரித்தேன். எழுத்தர் திரு. உஸ்மான் கனி, பாவம், நல்ல மனிதர், கட்டைப் பிரித்துக் காட்டினார். மனு சல்லடையாக இருந்தது. தேதியும் கையொப்பமும்தான் மிச்சம். உள்ளிருந்து காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி ஒன்று ஓடியது. சிறகில்லாத பூச்சி ஒன்றுகூட என் பெட்டியில் இல்லை என்று பேராசிரியை முன்பே குறை சொல்லியிருந்தார். விடுவேனா? பேனா மூடியைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன். இது நாற்பத்தெட்டாவது. பிடிபட்ட இடத்தைச் சீட்டில் எழுதுவது கட்டாயம் என்பதால் தங்கள் அலுவலகத்தின் பெயரையே எழுத வேண்டியிருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.

6. யார் மீதும் நடவடிக்கை கேட்கவில்லை. அட்டையைத் திரு. கோதண்டமே வைத்துக்கொள்ளட்டும். பெட்டியை மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் தர உத்தரவிடுங்கள். பெட்டி வந்த பிறகே இராமபாணத்தை அதில் சேர்க்க முடியும். அதுவரை ஊறுகாய் பாட்டிலில் உயிரோடு வைத்திருக்கிறேன். மனு தின்று வளர்ந்தது வேறு எதையும் தொடவில்லை. எனவே என் முதல் மனுவின் நகலைப் போட்டு வருகிறேன். "மதிப்பிற்குரிய ஐயா" வரை தின்றுவிட்டது. இந்த மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இடம்: வானகரம்
நாள்: 11-03-1991

பெட்டிக்காகக் காத்திருக்கும்,
செ. ஜெயசீலி