இதுக்கு இன்ஜின் எங்க கீது?

இன்று திருப்போரூரில் பேருந்து ஏறி என் பக்கத்தில் நின்றவரின் சட்டையிலிருந்து மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாடை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மாமல்லபுரத்தில் படகு இன்ஜின்களைப் பழுது பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது நீங்கள் இப்படித்தான் மணப்பீர்கள். ‘முதல்ல போய்க் குளிங்க’ என்று எத்தனை முறை விரட்டியிருப்பேன்!

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். நமக்குக் குழந்தை இல்லை. என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களை எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது நீங்களே வந்து நின்றீர்கள்.

“என்னுதையும் பாரேன்மே. நீ பார்த்தா இன்னா வெக்கம்?”

உங்கள் விந்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உயிரணுக்களில் பெரும்பாலானவை அசையாமல் கிடந்தன. சில, இருந்த இடத்திலேயே துடித்தன. நீங்கள் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

“இதுக்கு இன்ஜின் எங்க கீது?”

அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னேன். தலையில் இருப்பது சுமை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே சக்தி உண்டாகிறது. அந்தச் சக்தியில் வால் சாட்டைபோல வளைந்து வளைந்து அடிக்க, உயிரணு முன்னே நீந்தும்.

“வாலு சுத்தாதா?”

“இது சுத்தாது. பாக்டீரியா வாலுதான் சுத்தும். அடியில குட்டியா ஒரு மோட்டாரே கீது.”

“அடேங்கப்பா! கிருமிக்கு மோட்டாரு, நமக்கு சாட்டையா?” என்று சிரித்தீர்கள். பிறகு மெதுவாக, “என்னுது ஸ்டார்ட் ஆவல, இல்ல?” என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே உங்கள் அம்மா பேச்சை எடுத்தார். “வேற பொண்ணு பார்க்கலாம்டா.” உங்கள் அக்காவும் அவர் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். வீட்டு மாப்பிள்ளையான அவர் எதிரில் நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

“பொண்ண மாத்துனா ஆவாதும்மா. கொற என்கிட்ட கீது. நானே கண்ணால பார்த்தேன். இனிமே இவள ஒரு வார்த்த சொல்லாத.”

சற்றுக் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டார். “வந்து உக்காரு. நீயும் துன்னு” என்று வஞ்சிர மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தார்.

மருந்து, மாத்திரை, சென்னைக்கு அலைச்சல், எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள், “போதும்மே. நாம ரெண்டு பேரு கீறோமில்ல?” என்றீர்கள். இருந்தோம். சண்டை போட்டோம், திருவிடந்தைக் கோயிலுக்குப் போனோம், பைக்கில் மழையில் நனைந்தோம். நெஞ்சு வலி வந்து நீங்கள் போன நாள்வரை நன்றாகவே இருந்தோம்.

இப்போதும் எங்கள் நிலையத்துக்குப் பெண்கள் தனியாகத்தான் குழந்தையின்மைச் சோதனைக்கு வருகிறார்கள். “வூட்டுக்காரர் வர்லியா?” என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். போன மாதம் ஒருத்தி கணவனை அழைத்து வந்துவிட்டாள். அவன் வாசலிலேயே தலை குனிந்து நின்றான்.

“உள்ள வாப்பா. எங்க வூட்டுக்காரரும் வந்தாரு” என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.