சேராதது

குட்டிக்கு,

இதோடு நாலு தாள் கிழித்தாயிற்று. இருப்புக்கொள்ளாமல் எழுந்துபோய் அந்தப் பெட்டியை மறுபடி திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

யார் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பழைய அறுவைசிகிச்சைப் பெட்டி வந்திருக்கிறது. ரம்பம், இடுக்கி, கத்திகள் எல்லாவற்றிலும் ஒரே பட்டறையின் முத்திரை. ஒரு சின்னக் கத்தியில் மட்டும் வேறு பெயர். வழக்கம்போல அறிக்கையில் அதற்கு எதிரே ‘சேராதது’ என்று எழுதினேன்.

எழுதியதும், இதே சொல்லை உன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. என் தம்பிகளோடு குடும்பப் படம் எடுக்க நின்றபோது, “நீ இதுல சேராதவ, கொஞ்சம் தள்ளி நில்லு” என்றேனே. ஆறு வயதில் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நீ. “விடுடி, அவரு பேச்சே அப்படித்தான்” என்று அன்று அவள் சமாளித்தாள். நீ பையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது.

இன்று காலை பெட்டியின் வெல்வெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மரத்திலேயே அந்தக் கத்தியின் அளவுக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. வேறு பட்டறைக் கத்திதான். ஆனால் பெட்டி செய்தவரே அதை வாங்கி, முதல் நாளே இடம் செய்து வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகப் பழம்பொருள் மதிப்பிடும் தொழில், இதைப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு!

“ஒரு வரி எழுதினா கொறைஞ்சா போயிடுவீங்க?” என்கிறாள் உன் அம்மா.

அறிக்கையில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். உன் அறையில் நான் அடைத்து வைத்திருந்த சாமான்களையும் வெளியே எடுத்துவிட்டேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.

நீ இன்னும் அப்படிக் கூப்பிடுவாய் என்றால்,
அப்பா