சுக்குக்காபியில் வெடித்த தெர்மாமீட்டர்

14 ஜூன் 1938, செவ்வாய்

சாரல் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் வியர்க்கிறது. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. அன்னம்மா சிஸ்டரின் சேலைக்கு மட்டும் அதே கஞ்சி, அதே மொடமொடப்பு. நர்ஸ் பயிற்சிக்கு வந்த நாங்கள் ஆறு பேரும் அவர் பின்னால் வாத்துக்குஞ்சு மாதிரி பெண்கள் வார்டைச் சுற்றினோம். கடைசி வாத்து நான். அவர் நடையை அப்படியே நடந்து காட்டினேன்.

ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராயகிரிக்காரி, தலைப்பிரசவம், பிள்ளை பிறந்து இரண்டு நாள். "ஏட்டி ரெபேக்கா, சிரிக்க வைக்காதட்டி. தையல் போட்ட இடம் வலிக்கி." என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள்.

அவர் சிஸ்டர் இல்லை, கஷ்டர். நான் வைத்த பெயர். வார்டு முழுக்கப் பரவிவிட்டது.

15 ஜூன்

உடைஞ்சுபோச்சு. ஐயோ.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தி குருவம்மாள்; அவளுக்குப் பதினோரு நாளாக ஓய்வே இல்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. லீவு கேட்டதற்கு, "இவிடெ எல்லார்க்கும் காலுண்டு, குட்டி" என்றார் சிஸ்டர். கோட்டயத்துக்காரி. காய்ச்சல் என்றால் ஒரு நாள் படுக்க விடுவார்கள். எனவே என் மூளை வேலை செய்தது. தெர்மாமீட்டரைச் சுக்குக்காபியில் ஒரு முக்கு முக்கினால் நூற்றிரண்டு காட்டாதா?

முக்கினேன். டப்பென்று ஒரு சத்தம். பாதரசம் டம்ளரின் அடியில் உருண்டது.

எங்கள் வார்டுக்கு இருந்தது அது ஒன்றுதான். இங்கே எதையாவது உடைத்தவள், சாயங்காலம் ஊர்சனம் நோயாளிகளைப் பார்க்க வரும் நேரத்தில், உடைந்ததைக் கையில் ஏந்தி வாசலில் நிற்க வேண்டும். போன மாதம் எங்களோடு படிக்கும் ஜாஹிரா பீவி கிளாஸை உடைத்துவிட்டு நின்றாள். அன்றைக்கென்று அவள் வாப்பா வந்தார். பார்த்தார், பேசாமல் திரும்பிப் போனார். அப்புறம் வரவே இல்லை.

"சொல்லிருவமா?" என்றேன்.

"வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் குருவம்மாள்.

பாத்துக்கிடுவது என்றால், நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் அட்டையில் எழுதுவது. 99. 98.6. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

17 ஜூன்

ஆவுடைத்தாய் சாப்பிடவில்லை. நடந்து காட்டினேன். சிரிக்கவில்லை.

குருவம்மாள் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சூடா இருக்கோ?" என்றாள்.

"ஒன் கை தண்ணியில கெடந்து விறைச்சிருக்கு. அதான் அவ ஒடம்பு சூடாத் தெரியிது" என்றேன்.

99 என்று எழுதினாள்.

சொன்னது நான். அதையும் எழுதி வைக்கிறேன்.

18 ஜூன்

ஆவுடைத்தாய்க்கு வந்த நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், ஆவுடைத்தாயைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். ஆண்கள் வார்டிலிருந்து தெர்மாமீட்டர் வந்தது. 104.4.

"இதை எழுதினது யாரு?"

"நாந்தான்" என்றாள் குருவம்மாள்.

"இந்த வார்டு தெர்மாமீட்டர் எங்கே?"

"ஒடைச்சிட்டேன்."

ஒடைச்சது நான். பக்கத்துலதான் நிக்கேன். ஊரையே கிண்டல் பண்ணுத வாய் — தொறக்கலை.

திங்கட்கிழமை குருவம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

19 ஜூன், ஞாயிறு

ஜெபத்தில் உட்கார முடியவில்லை. குருவம்மாள் வீட்டுக்குப் போனால் மாமன் காத்திருக்கிறான். ஐம்பது வயது, பெண்டாட்டி இருக்கும்போதே இவளைக் கட்டித் தரச் சொல்லி நிற்கிறான். அதற்குத் தப்பித்தான் இங்கே வந்தாள். எனக்கென்ன? பண்பொழியில அம்மை இருக்கா, சோறு போடுவா. பிறகு எதுக்குப் பயம்? வாசல்ல நிக்கதுக்கா? அதுக்காகவா ஒருத்திய இப்படி —

டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று, துணி அறைக்குப் பின்னால் சுவர்ப் பொந்தில் நான் ஒளித்த உடைந்த தெர்மாமீட்டரை எடுக்கப் போனேன். அதற்கு அடியில் இன்னும் கண்ணாடி. மூன்று தெர்மாமீட்டர். ஒரு ஊசிக்குழல். கஞ்சிக் கிண்ணத்தின் மூக்கு. என் பொந்து என்று நினைத்தேன். எல்லாருக்கும் அதே பொந்து.

ஜாஹிரா பீவியிடம் கேட்டேன். "ஒண்ணு என்னது. ஆண்கள் வார்டுல புதுச் சாமான் வார வரைக்கும் ஒரு மாசம் தொட்டுப் பாத்துத்தான் எழுதினேன்" என்றாள். அந்த ஒரு மாதத்தில் யார் யார் படுத்திருந்தார்கள் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாரையும் கூட்டி, "சேர்ந்து போவோம். ஆறு பேரையும் வெரட்டிட்டா கஷ்டர் தனியாத்தான் பெட்பேன் தூக்கணும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜாஹிரா மட்டும், "நான் வாரேன்" என்றாள்.

20 ஜூன்

ஐந்து பேர் போனோம். ஆறாவது ஆள் குழல்வாய்மொழி வரவில்லை. அவளைக் குறை சொல்ல நான் யார்.

பொந்திலிருந்த உடைசலையெல்லாம் அள்ளிப் போட்ட தட்டை டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தேன். "இத ஒடைச்சது நான். குருவம்மா இல்ல. கை விறைச்சிருக்குன்னு சொல்லி அவள எழுத வச்சதும் நான்."

"இது நான்" என்றாள் ஜாஹிரா. பிறகு மற்ற இருவரும்.

சிஸ்டர் முகம் சிவந்தது. "எல்லாத்தையும் ஒளிச்சு வச்சோ?"

"வாசல்ல நிக்கச் சொல்லுங்க, நிக்கோம். ஆனா அது இருக்கது வரைக்கும் யாரும் சொல்ல மாட்டோம் சிஸ்டர். ஒளிக்கத்தான் செய்வோம்." என் குரல்தானா அது? இழுத்து இழுத்து அழுதுகொண்டே சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எத்தனை நாளா தொட்டுப் பாத்து எழுதறீங்க?"



21 ஜூன்

ஆவுடைத்தாய் போயிட்டா.

பிள்ளையை அவள் அம்மை வாங்கிக்கொண்டாள். போகும்போது என்னை நின்று பார்த்து, "நீதான எம் மவளச் சிரிக்க வச்ச பிள்ள?" என்றாள்.

2 ஜூலை

குருவம்மாளை வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆறு மாதம் சலவைக் கொட்டகை. யாரையும் வாயாலேயே வெளுத்து வாங்குவேன் என்று பீற்றிய நான் இப்போது படுக்கை விரிப்பை வெளுக்கிறேன்.

வாசலில் நிற்பது நின்றது. வார்டுக் கதவில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறார்கள். உடைத்தவள் அதில் எழுதினால் போதும், அன்றைக்கே வேறு தருவார்கள். கேட்டது நாங்கள், ஒத்துக்கொண்டது டாக்டரம்மா.

19 ஜூலை

சிலேட்டு காலி. பொந்தைப் போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு கிண்ணத்துண்டு.

25 ஜூலை

ஜாஹிரா எழுதினாள்: மருந்து கிளாஸ். நான் விரிப்பு கொண்டுபோனபோது எல்லாரும் சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் உதடு துடித்தது. பிறகு அலமாரியைத் திறந்து வேறு கிளாஸை எடுத்துக் கொடுத்தார்.

30 ஆகஸ்ட்

புதிதாகச் சேர்ந்த பேராச்சி கொட்டகைக்கு ஓடி வந்தாள். முந்தானைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள். "அக்கா, தெர்மாமீட்டர் ஒடைஞ்சிட்டு. எங்கன ஒளிக்கணும்?"

நான் வாயெடுப்பதற்குள் கிணற்றடியிலிருந்து குருவம்மாள் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "சிலேட்டுல எழுதிட்டு வேற வாங்கிக்கோ, போ. ஆள் காய்ச்சலோட கெடக்கும்."

கொஞ்ச நேரத்தில் பேராச்சி திரும்பி வந்தாள். கையில் புதுத் தெர்மாமீட்டர். முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அவள் போய் வெகுநேரம் ஆகியும், விரிப்பைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.