வேட்பாளர் வராத செவ்வாய்க்கிழமைகள்

செப்டம்பர் 3, 2019, செவ்வாய்

போதகர் டோலிவர் இன்றும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ராணுவப் பழக்கம். மணி நான்கு அடித்தால்தான் கதவைத் தட்டுவார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று நானும் நான்குக்காகக் காத்திருந்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கிறார். மேடையில் பேசப் போவதை முதலில் என் சாப்பாட்டு மேசையில் பேசிக் காட்டுகிறார். லூசியானாவின் இந்த மூலையில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். யார் நீட்டி முழக்கினாலும் எனக்குப் பொறுக்காது. இன்று பாதியிலேயே நிறுத்தினேன்.

"இது பிரசங்கம் இல்ல, ரெவரெண்ட். வரிக்கு வரி ஆமென் சொல்ல அங்க ஆள் இருக்காது. சாலை எப்பப் போடுவீங்கன்னு சொல்லிட்டு உட்காருங்க."

"மிஸ் யூலலி, பட்டாளத்துல எங்க சார்ஜென்ட்கூட என்னை இப்படி விரட்டினதில்ல."

"அவர் கன்னியர் மடத்துல படிச்சிருக்க மாட்டார்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுச் சுவர்களுக்குப் பழக்கமில்லாதது. என் வீட்டுக்காரர் ஆந்துவான் சத்தமில்லாமல் சிரிப்பவர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

போதகர் கிளம்பியபின் அவருடைய நாற்காலியை மேசைக்குள் தள்ளவில்லை. கோணலாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று ஊருக்கே தெரியும். அப்படியே விட்டுவைத்தேன்.

செப்டம்பர் 10

பேய்மழை. ஆனாலும் வந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

என்ன காரியம் செய்துவிட்டேன்!

அடுத்த வீட்டு வெர்லி போதகருடைய பாப்டிஸ்ட் சபையில் பாடுகிறவள். "தேர்தலுக்காகத் தனி ஆராதனை, ஒரு தடவை வாங்களேன்" என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டுப் போனேன். சாம்பல் நிற உடுப்பு, கறுப்புத் தொப்பி. வெர்லி பாடகர்களோடு போய்விட்டாள். எனக்கு இடது காது மந்தம் (அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை), அதனால் முன்னால் போனேன். இரண்டாம் வரிசை ஓரத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட பெண் ஒருத்தி ஓடிவந்தாள், வாயைத் திறந்தாள், என் தொப்பியைப் பார்த்தாள், யாரோ பெரிய மனுஷி என்று நினைத்து மூடிக்கொண்டாள்.

போதகர் பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசத் தொடங்கினார். என்னைப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றது. சபை முழுக்க ஆடிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன.

வண்டியில்தான் வெர்லி சொன்னாள். "ஐயோ மிஸ் யூலலி, அது போதகர் சம்சாரத்தோட எடம்! அவங்க செத்து நாலு வருஷமா ஒரு ஈ குந்தினதில்ல அங்க!"

எங்கள் கோயிலில் அப்படி இடமெல்லாம் கிடையாது. முதலில் வந்தவர் முதலில் உட்காருவார். எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாதுதான். ஆனால் அவர் முகம் ஏன் அப்படி மாறியது? கோபமா? வேறு ஏதாவதா?

செப்டம்பர் 24, செவ்வாய்

நான்கு மணிக்குக் கதவைத் தட்டியது அவர் சபையின் உதவி ஊழியர், டீக்கன் ஹோரஸ். தேர்தல் வேலைகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார்.

"மிஸ் யூலலி, உங்க மேல எங்க எல்லாருக்கும் ரொம்ப மரியாதை..."

"சுத்தி வளைக்காதீங்க, டீக்கன். காப்பி ஆறுது."

"எங்க சபை அம்மாக்கள் கொதிச்சுப் போயிருக்காங்க. வீடு வீடா ஏறி எறங்கி ஓட்டுக் கேக்குறது அவங்கதான். செத்தவ எடத்துல கத்தோலிக்கக்காரி வந்து குந்திட்டா, நாளைக்கு போதகரையே தூக்கிட்டுப் போயிடுவாங்கறாங்க."

"குந்தல. உட்கார்ந்தேன்."

"தேர்தல் முடியற வரைக்கும் அவரு இங்க வர வேணாம்னு..."

"இதச் சொல்லச் சொல்லி அவர் அனுப்பினாரா?"

தொப்பியைக் கையில் சுற்றினார். "அவருக்குத் தெரியும்."

வாசல் வரை போய் வழியனுப்பினேன். முதுகு வளையவில்லை. கதவைச் சாத்திய பிறகு வளைந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

நான்கு மணிக்கு ஜன்னல் பக்கம் போகவில்லை. கடைத்தெருவில் அவர் படம் ஒட்டியிருக்கிறது, கழுத்துப்பட்டி கோணல். நேராக்க வேண்டும் என்று கை எழுந்தது. காகிதத்தை என்ன நேராக்குவது!

அக்டோபர் 12, சனி

ஓட்டுப் போட்டேன். நான்கு பேர் நின்றதில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. முதல் இரண்டு பேர் நவம்பரில் மறுபடி மோத வேண்டுமாம். அவர் இரண்டாவது.

இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். டீக்கன் சொன்ன 'முடியற வரைக்கும்' இப்போது நீண்டுவிட்டது.

நவம்பர் 1, சகல புனிதர் நாள்

ஆந்துவானின் கல்லறைக்கு வெள்ளை அடித்தேன். மஞ்சள் செவ்வந்தி வைத்தேன். வழக்கமாக வருடத்துச் செய்தியெல்லாம் சொல்லுவேன். இன்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். புருஷனிடம் போய் இதைச் சொல்வார்களா? அப்புறம் சொல்லியும்விட்டேன். "எனக்கு போதகர் வராம வீடு பெரிசா இருக்கு" என்று. தூரிகையைக் கழுவி வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

ரேடியோவில் இரண்டு வேட்பாளர்களும். நேயர் ஒருவன் கேட்டான்: "போதகரே, கத்தோலிக்க டீச்சரம்மா ஒருத்தங்களோட பழகறீங்களாமே, நெசமா?"

போதகர் குரல்: "அந்த அம்மா எங்க சபைக்கு நல்ல சிநேகிதி."

சபைக்கு! ஒரே ஒரு தடவை காலடி வைத்த சபைக்கு! நான் என்ன, நன்கொடை கொடுத்துப் பலகையில பேர் போட்டுக்கிட்டவளா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ஒழுங்காச் சொல்ல முடியல இந்த மனுஷனுக்கு. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவுல நின்ன மனுஷனாம்!

ரேடியோவை அணைத்தேன். ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். தேவைக்கு மேல் பிசைந்துவிட்டேன், கல்லாகிவிட்டது.

நவம்பர் 16, சனி

மறுபடி ஓட்டு. அவருக்குத்தான் போட்டேன். கோபம் வேறு, சாலை வேறு.

தோற்றுவிட்டார். மிகக் கொஞ்சத்தில். "உங்களாலதான்னு எங்க ஆளுங்க சிலபேரு சொல்லுவாங்க, காதுல போட்டுக்காதீங்க" என்று வெர்லி வந்து என் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 19, செவ்வாய்

வரவில்லை. இப்போது யார் தடுக்கிறார்கள்?

நவம்பர் 24, ஞாயிறு

இதை அவசரப்படாமல் எழுத வேண்டும்.

பூசைக்கு முன் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம், நாங்கள் பத்துப் பதினைந்து கிழவிகள். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தால் பின்னாலிருந்து ஆண் குரல் ஒன்று சேர்ந்துகொண்டது. தடங்கல் இல்லை, ஒரு சொல் பிசகவில்லை. என் நல்ல காதுப் பக்கம்தான் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது. மாதாவிடம் ஜெபிப்பதே தப்பு என்று நினைக்கும் சபையின் போதகர், தேய்த்து மினுக்கிய காலணியோடு எங்கள் கடைசி பெஞ்சில்.

பூசையில் எழ வேண்டிய இடத்தில் முழங்காலிட்டார். ஃபாதர் மறையுரையில் ஏழைகளைப் பற்றிச் சொன்னபோது "ஆமா, அப்படிச் சொல்லுங்க!" என்று உரக்கக் குரல் கொடுத்தார். கோயிலே திரும்பியது. ஃபாதருக்கு அடுத்த வரி மறந்துபோனது.

வெளியே ஓக் மரத்தடியில் நின்றார்.

"அந்த ஜெபத்த எங்க படிச்சீங்க?" வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன்.

"வியட்நாம்ல. காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போடறது என் வேலை. பத்தொன்பது வயசு. நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், உங்க கோயில்காரன், என் மடியில கெடந்தான். ஃபாதர் யாரும் இல்ல. என்னைச் சொல்லச் சொன்னான். எனக்குத் தெரியல, மிஸ் யூலலி. பாதிய அவனேதான் சொல்லிக் குடுத்தான். மீதிய அப்புறமா கத்துக்கிட்டேன். தினமும் அவனுக்காகச் சொல்றேன். எங்க சபையில யாருக்கும் தெரியாது."

"மேடையில சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"அது ஓட்டுக்கு வச்சிருக்கறது இல்ல."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"அப்ப ரேடியோவுல?"

"பயந்துட்டேன்" என்றார். "அந்த வயசுல ஓடாதவன் இந்த வயசுல ஓடிட்டேன். போன வாரம் உங்க தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். உங்களப் பாக்க மூஞ்சி இல்ல."

ஜனங்கள் எங்களைப் பார்த்தபடியே போனார்கள். அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை.

"செவ்வாய்க்கிழமை வாங்க, நாலு மணிக்கு."

"தோத்தவன். பேசிக் காட்ட என்ன இருக்கு?"

"இருக்கறதச் சொல்லுங்க. நீட்டாம."

நவம்பர் 26, செவ்வாய்

நீட்டவில்லை.

டிசம்பர் 4, புதன்

ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதி வேண்டும் என்று எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது புதுப் பெண்.

"எதுக்கு மேடம்?"

"கல்யாணத்துக்கு."

"ஓ, பேத்திக்கா? அப்ப பேத்தியோட சான்றிதழ்தான் வேணும், பாட்டி. உங்களது இல்ல."

"எனக்குப் பேத்தி கிடையாது" என்றேன். "பேனா எடுத்துக்கோ. என் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்றேன்."