ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு தலைவி

7.2.2005, திங்கள்

காலையில் பனி. குறிஞ்சிப்பாடி பஸ் தாமதம். கடலூர் முதுநகரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பள்ளி.

த.ஆ. (தலைமையாசிரியை) கூப்பிட்டார். சுனாமியில் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குத் துணையாக வகுப்புக்கு ஒரு மாணவத் தலைவி வேண்டுமாம். சனிக்கிழமை சிதம்பரத்தில் பயிற்சி. வியாழனுக்குள் பெயர்.

"ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ண போட்டுடுங்க வசந்தா. பேச்சுப் போட்டியில ஜெயிச்சவ."

தலையாட்டினேன். மனசு ஒப்பவில்லை. மேடையில் நன்றாகப் பேசுவாள். அழுகிறவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

8.2, செவ்வாய்

வாங்க வேண்டியது: சின்னவனுக்கு இருமல் மருந்து, ரவை, குடைக்குக் கம்பி.

என் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக லேபுக்குக் கூப்பிட்டேன். ஒரே கேள்வி. மனசு சரியில்லன்னா யார் பக்கத்துல போய் உக்காருவ?

"அஞ்சலை, டீச்சர்."

"அஞ்சலைகிட்டதான். வேற யாரு?"

பாதிக்கு மேல் அதே பெயர். கடலோரக் குப்பத்துப் பெண். தம்பியைக் கடல் கொண்டுபோனது. பள்ளி திறந்த அன்றே வந்துவிட்டாள். யார் அழுதாலும் தன் தாவணி நுனியால் துடைத்துவிடுகிறாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை.

9.2, புதன்

த.ஆ. ஒப்பவில்லை. "பறிகொடுத்த பொண்ணு தலையிலயே பாரத்த வைக்கலாமா?" பிள்ளைகளே கேட்கிறார்கள் என்றேன். "அப்போ அவளயே கேட்டுட்டு வாங்க."

மதியம் கேட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு. பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா? எல்லாரும் ஒன் பேரத்தான் சொல்றாங்க."

"எல்லாரும் எங்கிட்டதான் வந்து அழுவுறாங்க. வூட்ல அம்மாவும் எங்கிட்டதான் அழுவுது. நான் யார்கிட்ட போறது?"

"ஒனக்குன்னா யாரு வேணும்?" என்றேன்.

யோசிக்கவே இல்லை. "புவனா."

புவனா! கடைசி பெஞ்ச். இந்த வருஷம்தான் பண்ருட்டியிலிருந்து வந்து சேர்ந்தவள். அப்பா லாரி டிரைவர். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பாள், அவ்வளவுதான் அவள் குரல்.

"ஏன் அவ?"

"தண்ணி எவ்ளோ ஒசரம் வந்துச்சு, தம்பி கைய எப்படி வுட்டன்னு எல்லாரும் கேக்குறாங்க டீச்சர். அவ ஒருத்திதான் கேக்கல. பக்கத்துல உக்காந்து கணக்கு போட்டுக்கிட்டு இருப்பா."

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வெயிலில் திரும்பி நடை.

10.2, வியாழன்

"வாயத் தொறக்காத பொண்ணு லீடரா?" த.ஆ. சிரித்தார்.

அஞ்சலை சொன்னதை அப்படியே சொன்னேன். சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அவளயே போடுங்க."

புவனாவுக்குப் பயம். "எனக்குப் பேச வராது டீச்சர்." பேச வேண்டாம் என்றேன். நம்பவில்லை.

12.2, சனி

சிதம்பரம். நல்ல வெயில். வேறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் படபடவென்று பேச, புவனா மூலையில். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது, தாங்க முடியாவிட்டால் பெரியவர்களிடம் வர வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்த அம்மா.

சாப்பாட்டுக்குப் பிறகு புவனா எழுந்தாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

"அவுங்க அழுவும்போது நமக்கும் அழுகை வந்தா?"

"அழுவலாம்மா" என்றார் அந்த அம்மா.

15.2, செவ்வாய்

மூட்டம். சின்னவனுக்கு இருமல் குறைவு.

மதியம் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அழுகைச் சத்தம். அஞ்சலை. வாய்விட்டு, தொண்டை கிழிய. பக்கத்தில் புவனா. நான் கிட்டே போகவில்லை. மணி அடித்தும் இருவரும் வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வந்ததாகப் போட்டேன்.

பள்ளி விட்டபின் ஸ்டாஃப் ரூம் வாசலில் புவனா. கண் வீங்கியிருந்தது.

"அவ சொன்னத யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர். ஒங்களுக்கும்."

"வேணாம்மா."

"கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவளாக எழும்வரை நானும் இருந்தேன்.