உன் கைக்குள் இருந்த மூடி

இன்று காலை பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஸ்பேனர் கிடைக்கவில்லை. நீ இருந்த காலத்திலும் அது கிடைத்ததில்லை. அதற்குப் பதில் பெட்ரோல் வாடையும் சந்தன வாசமும் சேர்ந்து எழுந்தன. ஒரு பழைய துணியில் சுற்றி நான் வைத்திருக்கும் அந்த டேங்க் மூடியின் வாசம். செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வண்டியை நீ மறந்திருக்க மாட்டாய். மில் முதலாளியின் அப்பா அந்தக் காலத்தில் கப்பலில் வரவழைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பல வருடம் ஷெட்டில் கிடந்ததை, ராஜபாளையத்தில் வேறு எந்தப் பட்டறையும் தொட மறுத்ததால், நம்மிடம் இழுத்து வந்தார்கள். டேங்க்கைத் திறந்ததும் உள்ளே பெட்ரோல் வெல்லப்பாகாக உறைந்திருந்தது. இரண்டு மாதம் அதிலேயே கிடந்தோம். டேங்க்கை நான் கழுவினேன், கார்புரேட்டரை நீ பிரித்தாய். யோசிக்கும்போது பல்லிடுக்கில் மூச்சை மெல்ல உள்ளே இழுப்பாயே, அந்தச் சத்தம் இரண்டு மாதமும் என் காதில் இருந்தது. எரிச்சலாக வரும். ஒரு நாள் வண்டி உயிர்பெற்று உறுமியது. நீ சின்னப் பிள்ளை போலப் பட்டறையைச் சுற்றி வந்தாய்.

அந்த வாரமே ஆயுத பூஜை. சாமி காரியமெல்லாம் என் பொறுப்பு. நீ சூடம் காட்டும் நேரத்துக்குத்தான் வருவாய், சுண்டலுக்காக. நான் சந்தனம் குழைத்து ஜாக்கியிலிருந்து வெல்டிங் மெஷின் வரைக்கும் பொட்டு வைத்தேன். அந்த வண்டிக்குக் கூடுதலாகவே வைத்தேன். பட்டறைக்கு வந்த மகாலட்சுமி என்று நினைப்பு.

அதற்கப்புறம்தான் கோளாறு தொடங்கியது. பட்டறையில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் ஒரு மணி நேரமானாலும் சீராக ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எடுத்தால் மடவார் வளாகத்துக்கு முன்னால் இருக்கும் கல்பாலத்தை ஒட்டித் திணறி அணைந்துவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்தான் கோளாறு என்றேன். நீ இல்லை என்றாய்.

"ஏலே, பம்ப் இல்லலே. வண்டிக்கு எங்கனயோ மூச்சு முட்டுது."

அப்படியானால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்றேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

மத்தியானம் என் போன் அடித்தது. உன் பெயர். தோற்றுப்போய்க் கூப்பிடட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன், நீ இல்லை. கூமாப்பட்டிக்காரர் ஒருவர், பைக்கில் போகும்போது பார்த்தவர், உன் போனிலிருந்து பேசினார்.

நெஞ்சு அடைத்து உயிர் போனதாக டாக்டர் அப்புறம் சொன்னார். நான் கல்பாலத்துக்கு வந்து பார்த்தபோது வண்டியின் பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அழுவதற்கு முன்னால் நான் பயந்தேன் என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. உன் வலது கை இறுக மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே பெட்ரோல் டேங்க் மூடி. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்திருப்பாய் என்று நினைத்து, அதை மறுபடியும் டேங்க்கில் வைத்துத் திருகினேன். வண்டியை ஓரம் கட்டச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மில் முதலாளி உன் வீட்டுக்கு வந்தார். வேலை தெரியாதவன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டேன், அவன் செய்த வேலையே அவனை நடு ரோட்டில் நிறுத்திவிட்டது என்று உன் பெண்டாட்டி செல்வியின் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அவுக பார்த்த வேலையிலயா கொற?"

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லும்போதே, குறை உன்னுடையதாக இருந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

புது பம்ப் மாட்டி எடுத்துப் போனேன். அதே கல்பாலத்தில் நின்றது. பட்டப்பகல், ரோட்டில் ஈ காக்கை இல்லை. எஞ்சின் அணைந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பல்லிடுக்கில் மூச்சை மெல்ல உள்ளே இழுக்கிற சத்தம். என் கழுத்து முடி எழுந்து நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் சத்தம் நின்றது, வண்டி கிளம்பியது.

அடுத்த முறை பில்டரையும் குழாயையும் மாற்றினேன். யாருக்கும் சொல்லாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு போனேன். நீ பார்த்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய். அதே இடம். அதே மூச்சு. அதற்குள் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது, நீதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறாய் என்று. நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். கேவலமாக இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்மேல்தான். கதவைத் திறந்து இறங்கினேன்.

"என்னலே வேணும் ஒனக்கு? சொல்லித் தொலையேன்."

பதிலுக்கு அந்த மூச்சு மட்டும் கேட்டது. சத்தம் வந்த பக்கமாக நடந்தேன். வண்டியின் பின்புறம், நீ சாய்ந்து உட்கார்ந்திருந்த சக்கரத்துக்கு நேர் மேலே, அந்த மூடி. குனிந்து காதை வைத்தேன். மூச்சு அதற்குள்ளிருந்து வந்தது. மூடியைத் திருகினேன். டேங்க் ஒரே இழுப்பாகக் காற்றை உள்ளே வாங்கியது, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் வாங்குவது போல. அப்புறம் சத்தமே இல்லை. சாவியைப் போட்டேன். உடனே கிளம்பியது.

மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதன் நடுவில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்க வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளையின் மேல்தான் என் சந்தனப் பொட்டு காய்ந்து கல்லாகி இருந்தது. வேறு வண்டிகளில் மூடியின் நெற்றியில் துளை இருக்காது. இதில் இருந்தது, பொட்டு வைக்கிற அதே இடத்தில். பூஜைப் பொட்டை அழிக்கக் கூடாது என்று வண்டியைக் கழுவும்போதெல்லாம் அதைச் சுற்றியே துடைத்தவனும் நான்தான். பெட்ரோல் ஊற்ற எத்தனை தடவை திறந்திருப்பேன். பொட்டைப் பார்த்தேன், துளையைப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தனத்தில் பிறை போல ஒரு நகத்தடம் இருந்தது. பாதி சுரண்டியிருந்தாய். மூச்சு முட்டுகிறது என்று சொன்னவன், எங்கே முட்டுகிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டாய். அது யார் வைத்த பொட்டு என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். மூடியைச் செல்வியின் முன்னால் வைத்து ஒன்று விடாமல் சொன்னேன். உன் வேலையில் குறை இல்லை, குறை என் பொட்டில் என்றேன். நீ கூப்பிட்டதையும், நான் எடுக்காததையும் சொன்னேன். அவள் நகத்தடத்தின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"வீட்டுக்குக் கொண்டாரும்போது அவுக மொகம் சிரிச்சாப்ல இருந்துச்சு. எதுக்குன்னு இம்புட்டு நாளாத் தெரியலை. ஒங்கள நெனச்சுத்தான் சிரிச்சிருக்காக."

நான் அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"பொட்டு போகட்டும்ணே. அந்தப் போனை நீங்க எடுத்திருக்கலாம்."

மில் முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். வேறு மூடி போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டேன். இப்போது அது கல்பாலத்தில் நிற்பதில்லை, அந்த மூச்சும் கேட்பதில்லை. சில நாள் மத்தியானத்தில் பைக்கை அங்கே நிறுத்தி, கேட்கிறதா என்று பார்க்கிறேன்.

மூடி என்னிடம்தான் இருக்கிறது. மீதிச் சந்தனத்தை நான் சுரண்டவில்லை. யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறேன், கை பெட்ரோலில் நனைந்திருந்தாலும். சில சமயம் மறுமுனையில் யாரும் பேசுவதில்லை. நானும் வைத்துவிடுவதில்லை.